ஸ்கேன் டிஸ்க்கை டபுள் கிளிக் பண்ணினா ஏன் திறக்க மாட்டேங்குது?



காரமடையில் இருந்து ஒரு நீண்ட இழை. இன்னைக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. ஒரு கோப்பை டபுள் கிளிக் பண்ணும்போது அது எந்த ஆப்பில் திறக்கணும்னு கம்ப்யூட்டர் எப்படி முடிவு பண்ணுது, அதுவும் லினக்ஸில்? அதுதான் விஷயம்.

"அரசு டாக்டருக்கு ஏனுங்க இந்த வேலை?"ன்னு நீங்க கேக்கறது காதில் விழுது. காரணம் இருக்கு. அது உங்க வீட்டு பீரோவிலேயே இருக்கு.

1.

வீட்டில் யாருக்காவது சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுத்திருந்தால் ஒரு பெரிய கவர் கொடுத்திருப்பாங்க. அதில் மூணு பொருள் இருக்கும். கறுப்பு ஃபிலிம். டைப் அடித்த ரிப்போர்ட். அப்புறம் ஒரு வட்டமான டிஸ்க். (ஸ்கேனும் சி.டி., தட்டும் சிடி என்று குழப்பம் வருவதால் இந்த இழை முழுக்க அந்தத் தட்டை டிஸ்க் என்றே சொல்கிறேன். இப்போ சில இடத்தில் பென் டிரைவில் தர்றாங்க, சில இடத்தில் லிங்க்காக அனுப்பறாங்க. விஷயம் ஒண்ணுதான்.)

நம்ம மக்கள் ஃபிலிமை பத்திரமா சுருட்டி வைப்பாங்க. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வைப்பாங்க. டிஸ்க்கை மட்டும் யாரும் மதிக்க மாட்டாங்க. ஆனால் ஒரு டாக்டரா சொல்றேன், அந்தக் கவரில் விலை மதிப்பு கூடின பொருள் அந்த டிஸ்க்தான்.

2.

ஏன்?

ஃபிலிமில் இருப்பது டெக்னீஷியன் தேர்ந்தெடுத்து அச்சடித்த சில படங்கள். டிஸ்க்கில் இருப்பது மெஷின் எடுத்த மொத்தப் படங்களும். மெல்லிசா வெட்டி எடுத்த ஒரு சி.டி. ஸ்கேனில் சில நூறு படங்கள் சாதாரணமா இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒண்ணு. சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்போம். தண்ணிக்கு 0. காத்துக்கு மைனஸ் 1000. கெட்டியான எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். வழக்கமா ஒரு புள்ளிக்கு 12 பிட், அதாவது 4096 படிநிலைகள். உங்க செல்போன் ஃபோட்டோவில் கறுப்பு வெள்ளைக்கு 256 படிநிலைகள்தான்.

மூளையைப் பார்க்க 0 முதல் 80 வரையிலான எண்களை மட்டும் விரித்துப் பார்ப்போம். அதே ஸ்கேனில் மண்டை ஓட்டு விரிசலைப் பார்க்க அந்த அளவை 2000 வரை விரிப்போம். நுரையீரலுக்கு வேற அளவு. இதை "விண்டோ மாற்றுவது" என்று சொல்வோம். டிஸ்க்கில் உள்ள அசல் கோப்பில் இது முடியும். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபோட்டோவில் முடியவே முடியாது. அதில் இல்லாத தகவலை எந்த டாக்டராலும் வரவழைக்க முடியாதுங்க.

3.

அந்த அசல் கோப்பின் பெயர் டைகாம்.

அமெரிக்காவின் கதிரியக்க மருத்துவர் சங்கமும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983-ல் ஒரு கூட்டுக் குழு போட்டாங்க. ஒரு கம்பெனி மெஷினில் எடுத்த படத்தை இன்னொரு கம்பெனி மெஷினில் பார்க்க முடியணும், அதுதான் நோக்கம். 1985-ல் முதல் வடிவம் வந்தது. 1993-ல் டைகாம் என்ற பெயரோடு இப்போதைய வடிவம் வந்தது. கோவையில் எடுத்தாலும் கொழும்பில் எடுத்தாலும் ஸ்கேன் படம் இந்த ஒரே வடிவம்தான்.

அப்போ எங்கே வேணும்னாலும் திறக்கணுமே? அங்கேதான் சிக்கல்.

டிஸ்க்கைத் திறந்து பாருங்க. ஃபோட்டோ மாதிரி டாட் ஜேபெக் என்று எதுவும் இருக்காது. எட்டு எழுத்துக்குள் பெரிய எழுத்திலும் எண்ணிலும் பெயர்கள் வரிசையாக இருக்கும். புள்ளியும் இல்லை, புள்ளிக்குப் பின்னால் வாலும் இல்லை. இது ஸ்கேன் சென்டரின் சோம்பேறித்தனம் இல்லை. டிஸ்க்கில் கோப்புப் பெயர் அப்படித்தான் இருக்கணும்னு டைகாம் விதியே சொல்லுது. கூடவே டைகாம்டிர் என்ற கோப்பு ஒண்ணு இருக்கும். அது பொருளடக்கம்.

இதெல்லாம் நமக்குப் புரியாதுன்னு பெரும்பாலான டிஸ்க்கில் ஒரு சின்ன வியூவரையும் சேர்த்து எரிச்சுக் கொடுத்திருப்பாங்க. அது விண்டோஸில் மட்டும் ஓடும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கைப் போட்டால்? ஒண்ணும் நடக்காது.

4.

"லினக்ஸ் எல்லாம் நம்ம ஊரில் யாருங்க வெச்சிருக்கா?"

நிறையப் பேர் வெச்சிருந்தாங்க, தெரியாமலே. 2011-ல் ஆரம்பித்த தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் நினைவிருக்கா? எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆன் பண்ணியதும் "எதுக்குள்ள போகணும்?"னு கேக்குமே, அதில் இன்னொண்ணு. எங்க வீட்டில் தம்பிக்குக் கிடைத்த லேப்டாப்பில்தான் நான் லினக்ஸைத் தொட்டுப் பழகினேன். காசு இல்லாத கல்லூரி நாட்களில் லைசென்ஸ் கேட்காத ஆப்கள் எனக்குப் பெரிய உதவி. அந்தப் பழக்கம் இன்னும் விடலை. டூட்டிக்கு எடுத்துப் போகும் என் சொந்த லேப்டாப்பில் டெபியன்தான்.

5.

இனி, இந்த இழை எழுதக் காரணமான நாள்.

மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் வெச்சிருக்கும் ஒரு அப்பாரு. எழுபதைத் தாண்டியவர். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுக்கிறவர். பேரன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான்.

"என்னாச்சுங்க அப்பாரு?"

"ஒண்ணுமில்லீங் சாமி. காலு கொஞ்சம் இழுக்குது. இந்தப் பையன்தான் பெரிசு பண்றான்."

பேரன் சொன்னது வேற. மூணு வாரத்துக்கு முன்னால் வாய்க்கால் மேட்டில் சறுக்கி விழுந்து தலையில் லேசாக அடி. ரத்தம்கூட வரலை. இப்போ நாலு நாளா தலைவலி, நடை தடுமாற்றம், நேத்து ராத்திரி பேரன் பேரையே மாத்திச் சொல்லியிருக்கார். காலையில் ஒரு தனியார் சென்டரில் ஸ்கேன் எடுத்திருக்காங்க. ரிப்போர்ட் சாயங்காலம்தான். கையில் டிஸ்க் மட்டும்.

வயசானவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, சின்ன அடி, சில வாரம் கழித்துக் குழப்பம். எம்.பி.பி.எஸ். படித்த யாருக்கும் மண்டைக்குள் மணி அடிக்கும். மூளையின் மேலுறைக்குக் கீழே மெதுவாக ரத்தம் தேங்கும் குரோனிக் சப்டியூரல் ஹெமடோமா. வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்கும், மேலே போகும் சிறு ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கும், லேசான அடியே அதைக் கிழிக்கப் போதும்.

டிஸ்க்கைப் போட்டு ஒரு கோப்பை டபுள் கிளிக் பண்ணினேன். திரையில் வந்த செய்தி இது: டைகாம் படக் கோப்புகளைத் திறக்க எந்த ஆப்பும் நிறுவப்படவில்லை.

கவனிங்க. என் லேப்டாப்பில் டைகாம் வியூவர் இருக்கு. அதன் தளத்தில் இருந்து இறக்கி நிறுவி, பலமுறை பயன்படுத்தியதுதான். கோப்புக்கு வால் இல்லாதபோதும் "இது டைகாம்"னு கம்ப்யூட்டர் சரியாகக் கண்டுபிடிச்சிருக்கு. அதாவது டயக்னோசிஸ் சரி. ஆனால் யாரிடம் அனுப்பணும்னு தெரியலை. ரெஃபரல் தான் இல்லை!

வியூவரைத் தனியாகத் திறந்து ஃபோல்டரைக் காட்டினேன், படம் வந்தது. இடது பக்கம் பிறை நிலா மாதிரி தேக்கம், மூளையின் நடுக்கோடு வலது பக்கம் தள்ளி நிற்குது. ஸ்கேன் சென்டர் ரேடியாலஜிஸ்ட்டை ஃபோனில் பிடித்து உறுதி பண்ணிக்கொண்டு, 108-ல் ஏற்றி நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம். மண்டை ஓட்டில் துளை போட்டு ரத்தத்தை வடித்தாங்க. நடந்து வீடு திரும்பினார்.

எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இருந்ததால் ரெண்டு நிமிஷத்தில் வழி கண்டேன். "ஆப் இல்லை"ன்னு திரையில் பார்த்ததும் "அப்போ சாயங்காலம் ரிப்போர்ட்டோட வாங்க"ன்னு சொல்லத் தோன்றுவது இயல்பு. அப்படிச் சொல்கிறவர் மேல் தப்பே இல்லை. தப்பு எங்கேன்னு ராத்திரி தேடினேன். அந்த வியூவரின் பேக்கேஜில் ஒரே ஒரு வரி விடுபட்டிருந்தது.

6.

அந்த ஒரு வரி என்னன்னு புரிய, நம்ம ஓ.பி. கவுன்டரை நினைச்சுக்கோங்க.

காலையில் நீங்க ஓ.பி. சீட்டு வாங்க வர்றீங்க. கவுன்டரில் இருப்பவர் ரெண்டு வேலை செய்யணும். ஒண்ணு, உங்களுக்கு என்ன பிரச்சனைன்னு தெரிஞ்சுக்கணும். ரெண்டு, எந்த ரூமுக்கு அனுப்பணும்னு தெரிஞ்சிருக்கணும்.

கம்ப்யூட்டரிலும் அதே ரெண்டு வேலைதான். இது என்ன வகைக் கோப்பு? இந்த வகையைத் திறக்கும் ஆப் எது? இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பிரச்சனை.

7.

முதல் வேலை: வகை கண்டுபிடிப்பது.

வகைகளுக்குப் பொதுப் பெயர் வேணும் இல்லையா? 1992-ல் நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற ரெண்டு பேர் மின்னஞ்சலில் படமும் பாட்டும் அனுப்ப ஒரு முறை வகுத்தாங்க. அதுதான் மைம். ஒவ்வொரு வகைக்கும் குடும்பப் பெயர், சாய்கோடு, சொந்தப் பெயர். இமேஜ்/ஜேபெக். டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல். அப்ளிகேஷன்/பிடிஎஃப். மின்னஞ்சலுக்காகப் பிறந்த இந்தப் பெயர்களைத்தான் இன்னைக்கு வலைத்தளங்களும் லினக்ஸ் டெஸ்க்டாப்பும் பயன்படுத்துது. நம்ம ஸ்கேன் கோப்புக்கு 2002-ல் அப்ளிகேஷன்/டைகாம் என்ற பெயர் முறைப்படி பதிவாச்சு.

ஒரு கோப்பு எந்த வகைன்னு ரெண்டு வழியில் கண்டுபிடிக்கலாம்.

ஒண்ணு, பெயரின் வால். இது நோயாளி கையில் கட்டியிருக்கும் சீட்டைப் படிப்பது மாதிரி. வேகம். ஆனால் சீட்டு தப்பா இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ரெண்டு, கோப்பின் உள்ளே சில பைட்டுகளைப் படிப்பது. இது நாடி பிடித்துப் பார்ப்பது. இதை மேஜிக் என்பார்கள். பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்ற எழுத்துகளில் தொடங்கும். ஜிப் கோப்பு பி, கே என்ற எழுத்துகளில் தொடங்கும். அவை ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல்கள். டைகாம் கோப்பில் முதல் 128 பைட் எதுவாகவும் இருக்கலாம். அதைத் தாண்டியதும் டி, ஐ, சி, எம் என்று நாலு எழுத்து இருக்கும். வால் இல்லாத டிஸ்க்கிலும் என் லேப்டாப் "டைகாம்"னு சொன்னது இந்த நாலு எழுத்தைப் படித்துத்தான்.

லினக்ஸில் இந்த விதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பொதுப் பேக்கேஜ் உண்டு, ஷேர்டு மைம் இன்ஃபோ என்று பெயர். 2000-ல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டு முயற்சியின் கீழ் வருவது. க்னோம், கேடிஈ என்று வெவ்வேறு டெஸ்க்டாப்கள் இருந்தாலும் எல்லாம் இந்த ஒரே பட்டியலைப் படிக்கும்.

உங்க ஆப்புக்கென்று புதுக் கோப்பு வகை இருந்தால்? பேக்கேஜோடு ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு கொடுக்கணும். "இந்த வால் இருந்தால், இத்தனையாவது பைட்டில் இந்த எழுத்து இருந்தால், இது என் வகை." ஏற்கனவே பட்டியலில் இருக்கும் வகைக்குப் புதுப் பெயர் வைக்கக் கூடாது. ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் வைத்தால் என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்.

8.

ரெண்டாவது வேலை: எந்த ஆப்?

ஒவ்வொரு ஆப்புக்கும் டெஸ்க்டாப் கோப்பு என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு உண்டு. டாக்டர் ரூம் வாசலில் மாட்டியிருக்கும் போர்டுதான் அது. பெயர், ஐகான், எந்தக் கட்டளையால் திறக்கணும், எந்த வகைகளைப் பார்ப்பேன்.

கடைசியில் சொன்னதுதான் மைம்டைப் என்ற வரி. என் வியூவரின் போர்டில் பெயர் இருந்தது, ஐகான் இருந்தது, மெனுவில் அழகா தெரிந்தது. "அப்ளிகேஷன்/டைகாம்" என்ற மைம்டைப் வரி மட்டும் இல்லை. போர்டில் "டாக்டர்" என்று எழுதிவிட்டு "எலும்பு முறிவு" என்று எழுத மறந்தால் கவுன்டரில் இருப்பவர் யாரை அனுப்புவார்?

இன்னொரு நல்ல விஷயம். இந்தப் போர்டில் பெயரைத் தமிழிலும் எழுதலாம். பெயர் வரிக்குப் பக்கத்தில் தமிழுக்கான மொழிக் குறியைப் போட்டு இன்னொரு வரி, அவ்வளவுதான். டெஸ்க்டாப் தமிழில் இருந்தால் அது தானாக அந்த வரியைக் காட்டும். எக்ஸ்எம்எல் கோப்பில் வகையின் விளக்கத்தையும் இப்படியே தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு ஆப் செய்கிறவர்கள் இதைச் செய்ய நாலு நிமிஷம் போதும்.

9.

ஓர் எழுத்தில் உயிர் இருக்கு.

டெஸ்க்டாப் கோப்பில் கட்டளை வரியின் கடைசியில் சதவீதக் குறி போட்டு ஓர் எழுத்து எழுதணும். "நீங்க கிளிக் பண்ணின கோப்பு இங்கே வந்து உட்காரும்" என்று அர்த்தம். இதை எழுதாமல் விட்டால் கோப்பு ஆப்புக்குப் போய்ச் சேரும்னு உத்தரவாதம் இல்லை. ஆப் திறக்கும், வெறுமையா நிற்கும். நோயாளியை ரூமுக்கு அனுப்பாமல் டாக்டரை மட்டும் எழுப்பி உட்கார வைத்த கதை.

சரி, எந்த எழுத்து? சின்ன எஃப் போட்டால் ஒரு கோப்பு மட்டும். பெரிய எஃப் போட்டால் பல கோப்புகள் சேர்ந்து போகும்.

வேர்டு ஃபைலுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்கேனுக்கு? முன்னூறு படத்தைத் தேர்ந்தெடுத்துத் திறக்கறீங்க. ஆப்பின் போர்டில் சின்ன எஃப் இருந்தால், விதிப்படி அந்த ஆப் முன்னூறு தடவை தனித்தனியா திறக்கப் பார்க்கும். லேப்டாப் அங்கேயே படுத்துக்கும். பெரிய எஃப் இருந்தால் ஒரே ஜன்னலில் முன்னூறு படமும் வரிசையா வரும். ஓர் எழுத்து பெரிசா சின்னதா என்பதில் இவ்வளவு இருக்கு.

10.

போர்டு மாட்டியாச்சு. கவுன்டருக்குத் தகவல் சொன்னீங்களா?

புது டாக்டர் ஜாயின் பண்ணி, ரூமில் போர்டும் மாட்டி, அந்த ஆர்டர் கவுன்டருக்கு வராமல் போனால் ஒரு நோயாளியும் அவரிடம் போக மாட்டார். கம்ப்யூட்டரும் ஒவ்வொரு டபுள் கிளிக்குக்கும் எல்லாப் போர்டையும் படித்துக் கொண்டிருக்காது. எல்லாவற்றையும் திரட்டி ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும். புது ஆப் வந்தால் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கணும்.

டெபியன் மாதிரி அமைப்புகளில் இது தானாக நடக்கும். பேக்கேஜ் செய்பவர் டெஸ்க்டாப் கோப்பையும் எக்ஸ்எம்எல் கோப்பையும் அதற்குரிய பொது ஃபோல்டரில் வைத்தால் போதும். நிறுவி முடித்ததும் டிரிக்கர் என்ற ஏற்பாடு பட்டியலைப் புதுப்பித்துவிடும். ஜிப் கோப்பாக இறக்கி ஏதோ ஒரு மூலையில் பிரித்து வைக்கும் ஆப்களுக்கு இந்த வசதி கிடையாது. "நேத்து நிறுவினேன், டபுள் கிளிக்கில் வரலையே"ன்னு புலம்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

11.

பேராசையும் ஒரு நோய்.

வரியை எழுதாமல் விடுவது ஒரு தப்பு. உலகத்தில் உள்ள எல்லா வகையையும் எழுதி வைப்பது இன்னொரு தப்பு. "எல்லா நோயும் இங்கே குணமாகும்"னு போர்டு மாட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வருமில்லையா?

லினக்ஸ் பயன்படுத்துறவங்க பல பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஒரு பிடிஎஃப்பைத் தட்டினால், படிக்கும் ஆப்புக்குப் பதில் படம் திருத்தும் ஜிம்ப் வந்து நிற்கும். காரணம், ஜிம்ப்பால் பிடிஎஃப்பையும் திறக்க முடியும், அதன் போர்டில் அதுவும் எழுதியிருக்கு. பொய் இல்லை. ஆனால் "என்னால் முடியும்" என்பதும் "முதலில் என்னிடம் அனுப்பு" என்பதும் வேற வேற.

ஜிம்ப்பால் டைகாம் படத்தையும் திறக்க முடியும். திறந்தால் அதன் விண்டோவை மாற்றி, முன்னூறு படத்தையும் உருட்டிப் பார்க்கும் வசதி கிடைக்காது. நெஞ்சு வலிக்காரரைத் தோல் டாக்டரும் பார்க்கலாம், அவரும் எம்.பி.பி.எஸ். தான். ஆனால் முதலில் யாரிடம் அனுப்பணும்?

இதுக்கும் ஏற்பாடு இருக்கு. எது முதல் ஆப் என்பதை மைம்ஆப்ஸ் பட்டியல் என்ற தனிக் கோப்பு தீர்மானிக்கும். லினக்ஸ் வெளியிடுபவர் ஒன்று போடலாம். நீங்க உங்க ஹோம் ஃபோல்டரில் ஒன்று வைத்துக் கொள்ளலாம். உங்களுடையதுதான் ஜெயிக்கும். ஆகவே பேக்கேஜ் செய்பவர் "என்னால் முடியும்"னு சொல்வதோடு நிறுத்தணும். நிறுவும்போதே பயனர் தேர்வை மாற்றி எழுதுவது நாகரிகம் இல்லை. எந்த டாக்டரிடம் போகணும் என்பது நோயாளியின் உரிமை.

12.

புதுக் காலத்துச் சிக்கல் ஒண்ணு.

இப்போ பல ஆப்கள் ஃப்ளாட்பேக், ஸ்னாப் என்ற பெட்டிகளில் வருது. ஆப்பைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, உங்க மற்ற கோப்புகளைத் தொடவிடாமல் காப்பாற்றும் ஏற்பாடு. நல்லதுதான். கோவிட் வார்டு மாதிரி.

ஆனால் டிஸ்க்கில் உள்ள பொருளடக்கத்தை, அதாவது டைகாம்டிர் கோப்பை, இப்படிப் பெட்டிக்குள் இருக்கும் வியூவரில் திறந்தால் என்ன ஆகும்? ஃப்ளாட்பேக் ஆப்புக்குத் தனி அனுமதி இல்லாவிட்டால் நீங்க தட்டிய அந்த ஒரு கோப்பு மட்டும்தான் உள்ளே போகும். பொருளடக்கம் காட்டும் முன்னூறு படங்களும் வெளியே நிற்கும். வியூவர் வெறுமையாக இருக்கும். கேஸ் ஷீட்டை உள்ளே அனுப்பிவிட்டு நோயாளியை கேட்டில் நிறுத்தியது போல. ஸ்னாப்பில் பென் டிரைவ், டிஸ்க் போன்றவற்றைப் படிக்கும் அனுமதியை நாமே தனியாகக் கொடுக்கணும்.

உடனடித் தீர்வு: டிஸ்க்கை முழுசாக ஒரு ஃபோல்டரில் காப்பி பண்ணுங்க, பிறகு வியூவருக்குள் போய் அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்க.

13.

"வாலைப் பார்த்தோ உள்ளே பார்த்தோ தானே திறப்பது ஆபத்து இல்லையா?" நல்ல கேள்வி.

2000 மே மாதம் ஐ லவ் யூ என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டியது. கடிதம் மாதிரி டாட் டிஎக்ஸ்டி என்று தெரியும். உண்மையான வால் அதுக்கும் பின்னால் டாட் விபிஎஸ் என்று இருந்தது. விண்டோஸ் கடைசி வாலை மறைத்துக் காட்டியதால் மக்கள் கடிதம்னு நம்பித் திறந்தாங்க.

டைகாமுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அந்த முதல் 128 பைட் எதுவாகவும் இருக்கலாம்னு சொன்னேனே? 2019-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அந்த இடத்தில் விண்டோஸ் நிரலின் தலைப்பகுதியை வைத்துக் காட்டினார். ஒரே கோப்பு ஸ்கேன் படமாகவும் திறக்கும், நிரலாக ஓட்டினால் நிரலாகவும் ஓடும். வியூவரில் படமாகத் திறக்கும்போது அந்த நிரல் ஓடாது. யாராவது அதை நிரலாக ஓட்டினால்தான் ஆபத்து.

அதனால்தான் சொல்றேன். டிஸ்க்கோடு வரும் வியூவரை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஓட்டுவதை விட, நம்பகமான வியூவர் ஒன்றை ஒரு தடவை நிறுவி, டைகாம் வகையை அதனோடு சரியாக இணைத்து வைப்பது பாதுகாப்பு. வெய்சிஸ், 3டி ஸ்லைசர் போன்றவை இலவசமாகவே கிடைக்குது. டெபியனுக்குள் மருத்துவ மென்பொருளுக்கென்றே டெபியன் மெட் என்ற குழு 2002 முதல் வேலை செய்யுது.

14.

இப்போ என்ன செய்யலாம்? சுருக்கமா.

பொதுமக்களுக்கு:

டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க. பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் இப்போ தெரிவது புதுசா பழசான்னு சொல்ல முடியும். ஒரு பென் டிரைவில் முழு ஃபோல்டரையும் காப்பி பண்ணி வைங்க. கோப்புப் பெயரை மாத்தாதீங்க, பொருளடக்கம் குழம்பிவிடும்.

டைகாம் கோப்புக்குள் நோயாளியின் பெயர், வயது, அடையாள எண் எல்லாம் எழுதியிருக்கும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் அனுப்பாதீங்க.

வீட்டில் திறந்து பார்த்து நீங்களே முடிவுக்கு வராதீங்க. ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டுக்கு மாற்று எதுவும் இல்லை. லேப்டாப் திரையில் பார்த்து நாங்களும் அவசரத்துக்கு ஒரு திசை பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

லினக்ஸ் வைத்திருக்கும் டாக்டர்களுக்கு:

கோப்பை ரைட் கிளிக் பண்ணி, பண்புகளில் "இதனால் திற" என்ற இடத்தில் உங்க வியூவரை ஒரு தடவை தேர்ந்தெடுத்து இயல்பாக வைங்க. உங்க பெயரில் மைம்ஆப்ஸ் பட்டியலில் அது பதிவாகிடும். அந்தப் பட்டியலில் வியூவரே வரலைன்னா அதன் போர்டில் மைம்டைப் வரி இல்லைன்னு அர்த்தம். அவசர நாளில் இல்லாமல், இன்னைக்கே சும்மா இருக்கும்போது ஒரு பழைய டிஸ்க்கைப் போட்டுச் சோதிச்சுப் பாருங்க.

பேக்கேஜ் செய்யும் தம்பி தங்கைகளுக்கு:

மைம்டைப் வரி இருக்கா? கட்டளை வரியில் சரியான எஃப் இருக்கா? டெஸ்க்டாப் கோப்பைச் சரிபார்க்கும் கருவியை ஓட்டினீங்களா? வால் இல்லாத கோப்பில் சோதித்தீங்களா? பொருளடக்கத்தோடு வரும் ஃபோல்டரில் சோதித்தீங்களா? ஆப்பை நீக்கிய பிறகு சுவடு இல்லாமல் போகுதா?

நிறுவி, திறந்து, ஐகான் வந்ததும் "முடிஞ்சது"ன்னு நினைக்காதீங்க. உங்க ஆப்பை யாரும் மெனுவில் தேடித் திறக்கப் போறதில்லை. கையில் இருக்கும் கோப்பைத்தான் தட்டப் போறாங்க.

நான் அந்த விடுபட்ட வரியை அந்த வியூவர் செய்தவர்களுக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் சேர்த்துட்டாங்க. நன்றி சொல்லிப் பதிலும் வந்தது. திறந்த மூல மென்பொருளில் இதுதான் அழகு. தப்பைக் கண்டுபிடிக்கிறவர் என்ஜினியராக இருக்கணும்னு அவசியம் இல்லைங்க.

15.

கடைசியா ஒண்ணு.

உங்க வீட்டில் அறுபதைத் தாண்டியவர் யாராவது சமீபத்தில் லேசாக விழுந்திருக்காங்களா? ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுக்கறாங்களா? விழுந்து சில வாரம் ஆனாலும் சரி, புதுசாகத் தலைவலி, நடை தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், அதிகத் தூக்கம் இருந்தால் "வயசாச்சு"ன்னு விட்டுடாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க. பழைய ஸ்கேன் இருந்தால் டிஸ்க்கையும் கையோடு எடுத்துட்டு வாங்க.

அதைத் திறக்க வைக்கிறது எங்க பொறுப்பு.

பயன்படும்னு நினைச்சா பகிருங்க. குறிப்பா உங்க வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு.


அரசு மருத்துவர், காரமடை